‘படத்தில் வரும் வக்கீல் எங்களுக்குக் கிடைப்பாரா?’

கேள்வி: வழக்கறிஞர் அம்மாவுக்கு வணக்கம். நான் தையல் வேலை செய்கிறேன். என் தம்பிக்கு 23 வயது. வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். இரண்டு மாதங்களுக்கு முன் அவன் வேலை செய்த வீடொன்றில் ஐந்து பவுன் நகை காணாமல் போய்விட்டது. அதிலிருந்து மூன்று முறை அவனைக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை. யாராவது வந்து வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். காலையில் போனால் இரவு பத்து மணிக்குத்தான் அனுப்புவார்கள். கடைசி முறை அறைந்திருக்கிறார்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். எது காணாமல் போனாலும் எங்கள் காலனிப் பையன்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். தம்பி ‘விசாரணை’, ‘ஜெய் பீம்’ இரண்டையும் பார்த்தவன். இனிக் கூப்பிட்டால் போக மாட்டேன், திருப்பூர் பக்கம் ஓடிவிடுவேன் என்கிறான். இருக்கிற மூன்று சென்ட் மனையை விற்றுச் சென்னையில் பெரிய வக்கீலாகப் பிடிக்க வேண்டும் என்கிறார் அப்பா. இலவச வக்கீல் வைத்தால் வழக்கு தோற்றுவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். படத்தில் வருவதுபோல ஒரு வக்கீல் எங்களுக்குக் கிடைப்பாரா? படத்தில் காட்டுவதெல்லாம் உண்மைதானா?

(பெயர், ஊர் வேண்டாம். வட மாவட்டம்.)

பதில்:

அன்புத் தங்கைக்கு,

மற்றதெல்லாம் பிறகு, தம்பி ஓடக் கூடாது. அவன் பார்த்த ‘ஜெய் பீம்’ படத்தில் போலீஸார் சொல்லும் கதையே அதுதான்: ‘மூன்று பேரும் தப்பி ஓடிவிட்டார்கள்.’ செய்யாத ஒன்றைச் செய்ததாகச் சொல்ல அவர்களுக்கு அந்த ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. அதை உங்கள் தம்பி தானாகவே எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. நாளை அவனுக்கு ஜாமீன் கேட்டு நான் எழுந்து நின்றாலும் சரி, வேறு யார் நின்றாலும் சரி, ‘இவர் தலைமறைவாக இருந்தவர்’ என்று அரசுத் தரப்பு சொன்னால் பாதி வாதம் அங்கேயே போய்விடும். அவன் திருப்பூரில் இருக்கும்போது இங்கே உங்கள் அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள் என்பதையும் அவனிடம் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்வி. படத்தில் காட்டுவது உண்மையா என்று கேட்கிறீர்கள். காவல் நிலையத்துக்குள் நடப்பதாகக் காட்டியது உண்மை. ‘ஜெய் பீம்’ 2021 நவம்பரில் வந்தது. அதன் அடிப்படை, 1993-ல் அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் நடந்த வழக்கு. முதனை கிராமத்து ராஜாக்கண்ணு, நகைத் திருட்டுச் சந்தேகத்தில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்; உயிரோடு திரும்பவில்லை. படத்தில் அவரை இருளராகக் காட்டியிருந்தார்கள். உண்மையில் அவர் குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். அவருடைய மனைவிக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டவர் அன்று வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு, பின்னாளில் அதே நீதிமன்றத்தின் நீதிபதியானவர். போலீஸாருக்குத் தண்டனை என்று உயர் நீதிமன்றத்தில் வழக்கு முடிந்தது 2006-ல். இடையில் 13 ஆண்டுகள். படம் அதை இரண்டேமுக்கால் மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது.

‘விசாரணை’யும் அப்படித்தான். குண்டூரில் வேலை தேடிப் போய் லாக்கப்பில் அடிபட்டவர்களில் ஒருவரான ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் எழுதிய ‘லாக்கப்’ நூலிலிருந்து வந்த படம் அது. ஆக, உங்கள் தம்பியின் பயத்தைச் சினிமாப் பயம் என்று நான் தள்ளிவிட மாட்டேன். அது நியாயமான பயம்.

ஆனால் இந்தப் படங்களைப் பார்க்கிறவர் மனத்தில் ஒரு தவறான வரைபடம் பதிந்துவிடுகிறது. அநியாயம் நடக்குமிடம் காவல் நிலையம், நியாயம் கிடைக்குமிடம் உயர் நீதிமன்றம், இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய வக்கீல். உங்கள் அப்பா மனையை விற்கத் துணிவது இந்த வரைபடத்தை நம்பித்தான். காவல் நிலையத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் நடுவில் உங்கள் தாலுகாவிலேயே ஒரு மாஜிஸ்திரேட் நீதிமன்றம் இருக்கிறது. ஏழையின் வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் அங்கேதான். அதுவும் முதல் நாளிலேயே.

படத்தில் உயர் நீதிமன்றத்து வாதமெல்லாம் தமிழில் நடக்கும். ராஜாக்கண்ணுவின் மனைவியாக வரும் செங்கேணி ஒரு பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருப்பாள். நிஜத்தில் அந்த மன்றத்தில் வழக்கு நடப்பது ஆங்கிலத்தில். அலகாபாத், பாட்னா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு இடம் உண்டு, தமிழுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டுமென்று தமிழ்நாடு சட்டமன்றம் 2006-ல் தீர்மானமே போட்டது, இன்னும் கிடைக்கவில்லை. தன் கணவன் எப்படிச் செத்தான் என்று பேசப்படும் அறையில், அவன் மனைவிக்கு ஒரு வரிகூடப் புரியாது. சட்டத்தில் உள்ள ஏற்றத்தாழ்வுகளில் மிகப் பெரிய ஒன்று இது. தமிழ் பேசும் படமாக இருப்பதாலேயே இது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. ஆனால் உங்கள் ஊர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் மொழி தமிழ். அங்கே உங்கள் தம்பி தன் வாயால் பேச முடியும்.

கைது செய்த 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, எவரையும் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அப்படி நிறுத்தி, காவலில் வைக்க உத்தரவு வாங்குவதைத்தான் ரிமாண்ட் என்கிறோம். விடுமுறை நாளாக இருந்தால் மாஜிஸ்திரேட்டின் வீட்டு முற்றத்தில்கூட நடக்கும். இரண்டு நிமிடம், மிஞ்சினால் ஐந்து. ‘போலீஸ் அடித்தார்களா? ஏதாவது சொல்ல வேண்டுமா?’ என்று கேட்பார். கேட்க வேண்டும். பின்னால் ஒரு முழ தூரத்தில், அடித்தவரே நின்றுகொண்டிருப்பார். வரும் வழியில் ஜீப்பிலேயே, ‘உள்ளே ஏதாவது உளறினால் கஸ்டடி எடுத்து மறுபடி கூட்டி வருவோம்’ என்று சொல்லியிருப்பார்கள். பையன் தலையை ஆட்டிவிடுவான், ‘ஒன்றுமில்லை ஐயா’ என்று. அவ்வளவுதான். ‘காவலில் துன்புறுத்தல் குறித்துப் புகார் இல்லை’ என்று ஒரு வரி பதிவாகிவிடும். ஆறு மாதம் கழித்து நாங்கள் எவ்வளவு கத்தினாலும் அந்த வரி அழியாது. 28 ஆண்டுகளாகக் குற்றவியல் நீதிமன்றங்களில் நிற்கிறேன். அந்தத் தலையாட்டலை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் வயிறு கலங்கும்.

‘விசாரணை’யில் இந்தக் காட்சி இருக்கிறது. தம்பியை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தமிழ்ப் பையன்கள் ஆந்திர நீதிமன்றத்தில் நிறுத்தப்படுகிறார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி அடித்துச் சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார்கள். ஆனால் அங்கே அவர்கள் உண்மையைச் சொல்கிறார்கள். வேறு வேலையாக வந்த தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் ஒருவர் அதை மொழிபெயர்க்கிறார். விடுதலை கிடைக்கிறது. பிற்பாதியின் கொடூரம் மனத்தில் தங்கிவிடுவதால் இந்த இடத்தை எல்லோரும் மறந்துவிடுகிறோம். பெரிய வக்கீல் யாரும் அங்கே இல்லை. பேச வேண்டிய இடத்தில் பேசியதும், பேசியது நீதிபதிக்குப் புரிந்ததும்தான் அவர்களை வெளியே கொண்டுவந்தது.

அந்த இடம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண்ணெதிரே நடந்த சாட்சி 2020 ஜூன் மாதச் சாத்தான்குளம். தந்தையும் மகனும் காவல் நிலையத்திலிருந்து நேராக மரணத்துக்குப் போகவில்லை. ஒரு மருத்துவரின் உடல்தகுதிச் சான்று இருந்தது, ஒரு மாஜிஸ்திரேட்டின் ரிமாண்ட் உத்தரவு இருந்தது, அதன்பிறகு கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள், அங்கிருந்துதான் மருத்துவமனைக்கு. அடுத்தடுத்து இருவரும் இறந்தார்கள். அடித்தவர்களைப் பற்றிப் பேசும்போது, நடுவில் இருந்த அந்த இரண்டு கையெழுத்துகளைப் பற்றியும் பேச வேண்டும். பார்க்க வேண்டியவர்கள் பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே தடுத்திருக்கலாம்.

ஆகவே, நாளை கைது என்று ஒன்று நடந்தால் உங்கள் தம்பி செய்ய வேண்டியது: எங்கே, எப்போது பிடித்தார்கள், யார் எதனால் அடித்தார்கள், எங்கே வலிக்கிறது, எந்தத் தேதியில் வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்பதை மாஜிஸ்திரேட்டிடம் அவன் சொல்ல வேண்டும். சட்டையைக் கழற்றிக் காயத்தைக் காட்ட வேண்டும். ‘எனக்கு வக்கீல் இல்லை, இலவச வக்கீல் வேண்டும்’ என்று கேட்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து இதைச் சொல்லிச் சொல்லிப் பழகட்டும். கேட்பவருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். பயந்த வாயில் பழகிய சொல்தான் வரும். மருத்துவர் முன் நிறுத்தும்போதும் இதே கதையை அங்கேயும் சொல்ல வேண்டும்.

கைதுக்கு முன்பே செய்ய வேண்டியவை உங்கள் கையில் இருக்கின்றன. வீட்டுக்குள் திருட்டு என்பது ஏழு ஆண்டுகள் வரை தண்டனைக்குரிய குற்றம். அந்த அளவுக்குட்பட்ட குற்றங்களில் கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யக் கூடாது, முதலில் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் தெளிவாகச் சொன்னது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய நடைமுறைச் சட்டத்தில் இது 35-ஆம் பிரிவு. சாட்சியாக விசாரிக்கக் கூப்பிட்டாலும் 179-ஆம் பிரிவின்படி எழுத்தில்தான் கூப்பிட வேண்டும். பெண்களை விசாரணைக்கென்று காவல் நிலையத்துக்கு வரச் சொல்லவே கூடாது; அவர்கள்தான் உங்கள் வீட்டுக்கு வர வேண்டும். இதை உங்களுக்காகவும் உங்கள் அம்மாவுக்காகவும் சொல்கிறேன்.

எனவே அடுத்த முறை ஆள் வந்து சொன்னால், ‘வருகிறான், நோட்டீஸ் கொடுங்கள்’ என்று பணிவாகக் கேளுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். நோட்டீஸ் வந்தால் தவறாமல் போக வேண்டும். தனியாகப் போகக் கூடாது. வழக்கறிஞரோ, அப்பாவோ, ஊரில் மதிக்கத்தக்க ஒருவரோ கூடப் போய் வெளியே உட்கார்ந்திருக்கட்டும்.

இன்றே செய்ய வேண்டியது ஒரு கடிதம். மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, தமிழில், ஒரு பக்கம் போதும். என் தம்பியை இன்ன தேதிகளில், இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை நோட்டீஸ் இல்லாமல் வைத்திருந்தார்கள். இன்ன தேதியில் அடித்தார்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அதை எதற்கும் பயன்படுத்தக் கூடாது. அந்த நாள்களின் சிசிடிவி பதிவுகளை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும். கடைசி வரி முக்கியம். எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு கூடிய கேமரா இருக்க வேண்டும், பதிவுகளைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. ‘கேமரா பழுது’ என்று பதில் வரக்கூடும். வரட்டும், அந்தப் பதிலும் ஒரு காகிதம்தான். கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அறைந்ததற்குப் பிறகு காதிலோ தாடையிலோ வலி இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டி, போலீஸ் அடித்தது என்று சொல்லிப் பதியச் செய்யுங்கள்.

இன்னொரு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். படங்களில் இது சரியாக விளங்குவதில்லை. போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. வெள்ளைக்காரன் காலத்துச் சாட்சியச் சட்டத்திலும் இருந்தது, புதிய சட்டத்திலும் 23-ஆம் பிரிவாக இருக்கிறது. பிறகு ஏன் அடிக்கிறார்கள்? வாக்குமூலம் செல்லாது, ஆனால் அந்த வாக்குமூலத்தின் வழியே ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்குக் காரணமான பகுதி மட்டும் செல்லும். ‘நான் ஒளித்து வைத்த இடத்தைக் காட்டுகிறேன்’ என்று அவன் சொன்னதாக எழுதி, ஒரு நகையை எடுத்து, பொருளைக் கண்டெடுத்த விவரம் எழுதும் மகஜரில் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் வழக்கு நின்றுவிடும். உங்கள் தம்பியின் வெள்ளைத் தாள் எனக்குக் கவலை தருவது இதனால்தான். அந்தத் தாள் எப்போது வாங்கப்பட்டது என்பதற்கு நமக்குத் தேதியோடு ஓர் ஆதாரம் வேண்டும். நான் சொன்ன கடிதம் அதுதான். நகை ‘கிடைப்பதற்கு’ முன்பே அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

காவல்துறையின் இணையதளத்தில் முதல் தகவல் அறிக்கையைத் தேடிப் பாருங்கள். வழக்கு பதிவாகித் தம்பி பெயரோ அவன் மேல் சந்தேகம் என்ற குறிப்போ அதில் இருந்தால், மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் முன்ஜாமீன் கேட்பதைப் பற்றி உடனே ஒரு வழக்கறிஞரிடம் பேச வேண்டும். தம்பி ஓடுவதற்குப் பதில் செய்ய வேண்டியது அதைத்தான்.

ஆட்கொணர்வு மனுவைப் பற்றியும் கேட்பீர்கள். ‘ஜெய் பீம்’ வந்தபிறகு என் அலுவலகத்துக்கு வருகிற பாதிப் பேர் அந்த மனுவைப் போடச் சொல்லித்தான் தொடங்குகிறார்கள். அந்தச் சொல் கூலி வேலை செய்கிறவர்கள் வாய்வரை போய்ச் சேர்ந்தது படத்தின் பெரிய நன்மை. எனக்கு அதில் மகிழ்ச்சி உண்டு. ஆனால் அது, ஆளைப் பிடித்துக்கொண்டு போய் எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே சொல்லாதபோது போடுகிற மனு. மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்துவிட்டால் பொதுவாக அதற்கு வேலையில்லை, ஜாமீன் மனுதான். படத்தில் வக்கீல் எடுத்துக்காட்டும் கேரளத்து ராஜன் வழக்கும் அப்படிப்பட்டதுதான். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவரைப் போலீஸார் கொண்டுபோனார்கள். மகன் எங்கே என்று கேட்டு அலைந்த அப்பா, ஈச்சர வாரியர், 1977-ல் கேரள உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். முதலமைச்சராக இருந்த கருணாகரனே அதனால் பதவி விலக நேர்ந்தது. மகனின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. தம்பியை யாராவது அழைத்துச் சென்று 24 மணி நேரம் கடந்தும் எங்கே என்று தெரியாவிட்டால், அன்று இந்த மனுவைப் போடலாம்.

உங்கள் கடிதத்தில் ‘எங்கள் காலனிப் பையன்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்’ என்ற வரியைப் பல முறை படித்தேன். இதில் சினிமாவுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன், இதை மனத்தில் வைத்துக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. லாக்கப்பில் ராஜாக்கண்ணு அடிபடும்போது அழுத அதே வீட்டுக் கூடம், அடுத்த வாரம் ஒரு போலீஸ் கதாநாயகன் சந்தேகப்பட்டவனைச் சுவரில் மோதி உண்மையை வரவழைக்கும்போது கைதட்டுகிறது. அந்தப் படங்களில் அடி வாங்குகிறவன் எப்படி இருக்கிறான் என்று பாருங்கள். அவன் நிறம், அவன் சட்டை, அவன் இருக்கும் தெரு, அவன் பேசும் பேச்சு. உங்கள் தம்பியைப் போல இருப்பான். அடி வாங்கியதும் உண்மையைச் சொல்லிவிடுவான். அவன் நிரபராதியாக இருந்ததாக அந்தப் படங்களில் ஒருபோதும் வராது. ஐம்பது ஆண்டுகளாக இதைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு, ‘நாலு அறை விட்டால் உண்மை வந்துவிடும்’ என்பது வேதவாக்காகிவிட்டது. நகையைத் தொலைத்த வீட்டுக்காரர் அதை நம்புகிறார். ஸ்டேஷனில் இருக்கும் இளம் காவலரும் அதைப் பார்த்து வளர்ந்தவர்தான். வருடத்துக்கு ஒரு நல்ல படம் வந்து இதைக் கழுவிவிடாது. இயக்குநர்களை நேரில் பார்த்தால் இதைத்தான் நான் சொல்வேன்.

இலவச வக்கீல் விஷயம். அரசியலமைப்பின் 39-ஏ பிரிவு, 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இரண்டும் கொடுக்கும் உரிமை அது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. உங்கள் தாலுகா நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் குழு இருக்கும். மாவட்ட நீதிமன்றத்தில் ஆணைக்குழு இருக்கும். தொலைபேசி எண் 15100. அந்த எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

இலவச வக்கீல் என்றால் தோல்வி என்ற பேச்சில் பாதி உண்மை இருந்தது. நான் மறுக்க மாட்டேன். கொடுக்கிற கட்டணம் குறைவு. சிலர் ஏனோதானோவென்று நின்றதையும் பார்த்திருக்கிறேன். இப்போது பல மாவட்டங்களில் வேறு வழக்குகளை எடுக்காமல், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காகவே முழு நேரமும் வேலை செய்யும் சட்ட உதவி வழக்கறிஞர்கள் அமர்த்தப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் சிலர், கட்டணம் வாங்கும் என் நண்பர்களைவிடக் கவனமாக வேலை செய்கிறார்கள். ஒருவர் நல்லவரா என்று தெரிந்துகொள்ள அவருடைய பேச்சைக் கேட்காதீர்கள். முதல் தகவல் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்தாரா, வாய்தாவுக்குத் தானே வந்தாரா, சிறையில் போய்ப் பார்த்தாரா, இதைப் பாருங்கள். இல்லையென்றால் வேறு வழக்கறிஞரைத் தரும்படி ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுதிக் கேட்கலாம். அவர் ஒரு நீதிபதி.

மனையை விற்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். நியாயத்தை விலை கொடுத்து வாங்க வேண்டாம் என்ற பொருளில் சொல்லவில்லை. அந்த மனை வேறொன்றுக்குத் தேவைப்படும். எந்தப் படத்திலும் சரியாகக் காட்டப்படாத இடம் அது: ஜாமீன் உத்தரவு கிடைத்த மறுநாள். ‘ஜாமீன் வழங்கப்படுகிறது’ என்றதும் படத்தில் சிறைக் கதவு திறந்துவிடும். நிஜத்தில் இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும். அவர்களுக்கு வீட்டு வரி ரசீதோ பட்டாவோ இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சான்று வாங்க வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டு நீதிமன்றத்துக்கு வர வேண்டும். காலனியில் யாரிடம் பட்டா இருக்கிறது? என்னிடம் வந்த ஒரு கட்டடத் தொழிலாளிக்கு ஒன்பதாம் நாளே ஜாமீன் கிடைத்தது. அவர் வெளியே வந்தது ஐம்பதாம் நாள். இடையில் வழக்கு எதுவும் இல்லை, வாதம் எதுவும் இல்லை. பட்டா வைத்திருக்கும் இரண்டு பேர் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அவர் மனைவி ஒவ்வொரு நாளும் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார். நான் உத்தரவு வாங்கியதற்காக எனக்குக் கட்டணம் கொடுத்திருந்தார். அந்தப் பணத்தை வைத்துக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது.

1978-ல் இதே போன்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் மோத்திராம். பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டும் என்றார் மாஜிஸ்திரேட். மோத்திராமின் சகோதரர் வந்தபோது, அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்தார். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்து, சொந்தப் பிணையில் ஆயிரம் ரூபாய்க்கு விடச் சொன்னார். ஐம்பது ஆண்டு நெருங்குகிறது; இன்றும் மாவட்ட நீதிமன்றங்களில் அந்தத் தீர்ப்பைப் படித்துக்காட்டித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில், இந்தியச் சிறைகளில் இருப்போரில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். அவர்களில் எத்தனை பேர் ஒரு பட்டா இல்லாமல் உள்ளே இருக்கிறார்களோ.

அதனால்தான் அந்த மூன்று சென்ட் மனை அப்பா பெயரில் இருக்கட்டும் என்கிறேன். பட்டா, வீட்டு வரி ரசீது, ஆதார், புகைப்படம் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்து வையுங்கள். இன்னொரு ஜாமீன்தாரர் யாராக இருக்க முடியும் என்று இப்போதே பேசி வையுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் நிபந்தனையைக் குறைக்கக் கேட்கலாம். திருட்டு வழக்கில் 60 நாள்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. 61-ஆம் நாள் காலையில் மனு போய்விட வேண்டும். தாமதித்தால், இடையில் அவர்கள் தாக்கல் செய்துவிட்டால், அந்த உரிமை போய்விடும். நாள்களை எண்ணுவது உங்கள் வேலை, வக்கீலிடம் விட்டுவிடாதீர்கள்.

‘படத்தில் வரும் வக்கீல் கிடைப்பாரா?’ என்று கேட்டீர்கள். இருக்கிறார்கள், மாவட்டத்துக்கு நாலைந்து பேராவது இருக்கிறார்கள், பெயர் வெளியே தெரியாது. ஆனால் ‘ஜெய் பீம்’ கதையில் எனக்கு நெருக்கமானவர் வக்கீல் இல்லை. பணம் தருகிறோம், வழக்கை விட்டுவிடு என்று பெரிய அதிகாரி சொல்லும்போது வேண்டாம் என்று எழுந்து வருகிறாளே, அந்தப் பெண். எந்தத் தேதியில் வந்தார்கள், எந்த வண்டியில் வந்தார்கள், யார் அடித்தார்கள் என்று அவளுக்கு நினைவிருந்ததால்தான் வக்கீலுக்குப் பேசுவதற்கு ஏதாவது இருந்தது. உங்கள் வீட்டில் அந்த இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

கடைகளில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். முதல் பக்கத்தில், தம்பியை முதன்முதலில் கூப்பிட்ட தேதி, வந்து சொன்னவர், போன நேரம், வந்த நேரம். அடுத்த பக்கத்தில் இரண்டாம் முறை. அதற்கடுத்து, அறைந்த நாள். நினைவு புதிதாக இருக்கும் இன்றிரவே எழுதிவிடுங்கள். பிறகு கண்காணிப்பாளருக்கான கடிதம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நோட்டையும் அஞ்சல் ரசீதையும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் அழைத்துக்கொண்டு தாலுகா சட்டப்பணிகள் குழு அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.